பருவந்தோறும் பூத்த கைங்கர்யம்: அனந்தாழ்வான் வைபவம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழியில் மூன்றாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியை அநுஸந்திக்கும்போது, நம் பெரியோர்கள் ஒரு திருநாமத்தை நினைவுகூராமல் மேலே செல்வதில்லை. திருவேங்கடமுடையானுக்கு எக்காலத்திலும் எவ்விடத்திலும் பிரியாது நின்று அடிமை செய்யவேண்டும் என்னும் நம்மாழ்வாருடைய பாரிப்பைச் சொல்லுகிற பதிகம் அது. அந்தப் பாரிப்பை மண்வெட்டியும் பூக்குடலையும் கொண்டு தம் வாழ்நாள் முழுவதும் நடத்திக் காட்டியவர் அனந்தாழ்வான். அவருடைய வைபவத்தை இவ்விதழின் வாசகர்களோடு சேர்ந்து அநுபவிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதப் புகுந்த காரணத்தை முதலில் விண்ணப்பித்துக் கொள்கிறோம். அடியோம் வணிகவியல் படித்து, வங்கிப் பணியில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர்கள். அந்நாட்களில் பருவம் என்பது எங்களுக்குச் செப்டம்பர் 30 அரையாண்டுக் கணக்கு, மார்ச் 31 ஆண்டுக் கணக்கு என்பதாகவே இருந்தது. மழை பெய்தால் அன்று வாடிக்கையாளர் கூட்டம் குறையும்; வெயில் காய்ந்தால் மின்விசிறி வேகமாகச் சுழலும். இதற்கு மேல் ஆவணியையும் ஐப்பசியையும் பிரித்தறியாமலே காலம் போயிற்று. ஓய்வு பெற்றபின் வீட்டுக் கொல்லையில் துளசியும் நந்தியாவட்டையும் வைத்து, அருகிலுள்ள ஸந்நிதிக்கு நாள்தோறும் ஒரு சிறு மாலை ஸமர்ப்பிக்கத் தொடங்கினோம். சென்ற ஐப்பசி மழையில் ஓரிரவில் செடிகள் பாதிக்கு மேல் சாய்ந்தன. பெருமாளுக்காக வைத்த செடியைப் பெருமாளே காக்கவில்லையே என்று மனம் குறைபட்டது. அந்த மனக்குறையோடு இருந்த நாட்களில்தான் அனந்தாழ்வான் வைபவத்தை மறுபடியும் படித்தோம். படித்தபின், குறைபட்டதற்காக வெட்கப்பட்டோம்.

அனந்தாழ்வான் கர்நாடக தேசத்தில் சிறுபுத்தூர் என்னும் ஊரில் அவதரித்தவர். காலத்தால் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். 1017ஆம் ஆண்டில் அவதரித்த எம்பெருமானாருடைய பெருமையைக் கேள்வியுற்று, எச்சான், தொண்டனூர் நம்பி, மருதூர் நம்பி ஆகியோரோடு ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தார். எம்பெருமானார் இவர்களை அருளாளப் பெருமாள் எம்பெருமானாரிடம் ஆச்ரயிக்கும்படி நியமித்தருளினார். அவரோ, தம் ஆசார்யர் இருக்கத் தமக்கு இந்தப் பொறுப்பு தகுமோ என்று நடுங்கினார். நியமனத்தை மீற இயலாமல் ஏற்றுக்கொண்டாலும், எம்பெருமானார் திருவடிகளையே தஞ்சமாகப் பற்றியிருக்கும்படி அவர்களுக்கு உபதேசித்தார். அந்த உபதேசம் அனந்தாழ்வானுடைய நெஞ்சில் கல்லில் எழுத்தாய்ப் பதிந்தது. பிற்காலத்தில் அவர் செய்த செயல்கள் யாவும் இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவையே.

எம்பெருமானார் ஸ்ரீரங்கத்தில் திருவாய்மொழிக் காலக்ஷேபம் ஸாதித்துக் கொண்டிருந்தபோது, நாம் மேலே சொன்ன பதிகம் வந்தது. நித்யஸூரிகள் திருவேங்கடத்தில் தூவுகின்ற மலர்கள் அம்மலையில் வாடாமல் மகிழ்ந்து கிடக்கின்றன என்னும் பொருள் விரிந்தது. எம்பெருமானாருடைய திருக்கண்கள் நீர் மல்கின. விண்ணவர் வந்து பூவிடும் அந்த மலையில், மண்ணவரில் ஒருவர் நந்தவனம் அமைத்து நாள்தோறும் திருமாலை ஸமர்ப்பிக்க முன்வருவார் உண்டோ என்று கோஷ்டியை நோக்கிக் கேட்டருளினார்.

கோஷ்டியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதை அவர்களுடைய பக்திக் குறைவு என்று கொள்ளலாகாது. அக்காலத்துத் திருமலை அடர்ந்த காடு. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2800 அடி உயரத்தில் இருப்பதால், காவிரிக் கரையில் வாழ்ந்து பழகியவர்களுக்குத் தாங்கவொண்ணாத குளிர். விலங்கு, பாம்பு முதலானவற்றின் அச்சம் வேறு. இவை எல்லாவற்றையும்விட, எம்பெருமானாரைப் பிரிந்து போகவேண்டும் என்பதே அவர்களைத் தயங்கச் செய்தது. அந்த மௌனத்தில் எழுந்து நின்றவர் அனந்தாழ்வான். தாம் போவதாக விண்ணப்பித்தார். எம்பெருமானார் மகிழ்ந்து, அந்தக் கூட்டத்தில் ஆண்பிள்ளை இவரே என்று கொண்டாடினார். அன்று முதல் அனந்தாண்பிள்ளை என்னும் திருநாமமும் அவருக்கு வழங்கலாயிற்று.

ஸ்ரீரங்கத்தைப் போக மண்டபம் என்றும் திருமலையைப் புஷ்ப மண்டபம் என்றும் நம் பெரியோர் வழங்குவர். அந்தப் புஷ்ப மண்டபத்தில் பெரிய திருமலை நம்பி ஏற்கெனவே தீர்த்த கைங்கர்யம் செய்து கொண்டிருந்தார். நம்பி நீருக்கு, ஆழ்வான் பூவுக்கு என்று அமைந்தது திருவேங்கடமுடையான் பெற்ற பாக்கியம் என்றே சொல்லவேண்டும். அனந்தாழ்வான் தம் தேவிகளோடு மலையேறி, திருக்கோயிலுக்குப் பின்புறம் காட்டைத் திருத்தி நந்தவனம் அமைக்கத் தொடங்கினார். அதற்குத் தம் பெயரையோ, தம் ஊர்ப்பெயரையோ வைக்கவில்லை. இராமாநுசன் நந்தவனம் என்று தம் ஆசார்யர் திருநாமத்தையே சாற்றினார்.

ஓராண்டின் சுழற்சியை அந்த நந்தவனத்தில் நின்று நினைத்துப் பார்ப்போம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மலைமேல் கொட்டும். மண் கரைந்து சரியும். நட்ட நாற்று இருந்த இடம் தெரியாமல் போகும். மார்கழி, தை மாதங்களில் மேகம் தரையிலேயே படியும். விடியற்காலையில் பனி ஒழுகும் துளசியைக் கிள்ளினால் விரல் விறைக்கும். மாசி, பங்குனியில் குருக்கத்தி பூக்கும்; தவனம் மணக்கும். சித்திரை, வைகாசியில் மல்லிகையும் மகிழம்பூவும் குறைவின்றிக் கிடைக்கும். ஆனால் அப்போதுதான் தண்ணீர் இராது. ஆனி, ஆடியில் மேல்காற்று கொம்புகளை முறிக்கும். பிறகு கார் தொடங்க முல்லை அரும்பும். ஆக, பூ மிகுந்த காலத்தில் நீர் இல்லை. நீர் மிகுந்த காலத்தில் பூ நிலைப்பதில்லை. எந்த மாதமும் தோட்டக்காரனுக்கு முழுவதும் இசைந்த மாதமன்று.

ஆனால் திருவேங்கடமுடையானுக்குத் திருமாலை இல்லாத நாள் என்று ஒன்று இருக்கலாகாது. இந்த முரணுக்கு அனந்தாழ்வான் கண்ட தீர்வு ஓர் ஏரி. மழைக்காலத்தில் ஓடிப்போகும் நீரைத் தேக்கினால் கோடையில் நந்தவனம் பிழைக்கும். வங்கியில் இருந்த எங்களுக்கு இது எளிதில் விளங்குகிறது. ஐப்பசியில் வரவு வைத்ததைச் சித்திரையில் எடுத்துப் பற்று எழுதுவதே அந்த ஏரி. செடியைச் சாய்க்கும் மழையைப் பகையாக நினையாமல், கோடைக்குரிய பூவை முன்பணமாகக் கொண்டுவந்து கொடுக்கும் உபகாரியாக அவர் கண்டார். எங்கள் கொல்லையில் மழையைக் குறைகூறி நின்ற நாங்கள், ஒரு குடம் மழைநீரைக்கூடப் பிடித்து வைக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஏரி வெட்ட அவர் கூலியாட்களை அழைக்கவில்லை. தாம் கடப்பாரையால் மண்ணைப் பெயர்ப்பார். தேவிகள் அதைக் கூடையில் வாரித் தலையில் சுமந்து சென்று கொட்டிவிட்டு வருவார். அம்மையார் அப்போது கருவுற்றிருந்தார். இருவரும் வெயில் பாராமல் உழைப்பதைக் கண்டு ஒரு சிறுபிள்ளை வந்து, தானும் மண் சுமப்பதாகச் சொன்னான். அனந்தாழ்வான் இசையவில்லை. பிள்ளை விடாமல் கேட்டும் அவர் கடுமையாக மறுத்து அனுப்பிவிட்டார்.

அந்தப் பிள்ளை போய்விடவில்லை. அனந்தாழ்வான் கண்ணுக்கு எட்டாத திருப்பத்தில் நின்று, அம்மையார் தலையிலிருந்து கூடையை வாங்கிக் கொண்டு போய்க் கொட்டிவிட்டு, வெறுங்கூடையைத் திருப்பிக் கொடுத்தான். அம்மையார் நடக்கும் தூரம் பாதியாயிற்று. சற்று நேரத்தில் அவர் விரைந்து திரும்புவதைக் கவனித்த அனந்தாழ்வான் காரணம் கேட்டறிந்தார். ஆசார்ய கைங்கர்யத்தில் அயலான் புகுந்தானே என்று கோபங்கொண்டு பிள்ளையைத் துரத்தி, கையிலிருந்த கடப்பாரையை வீசினார். அது பிள்ளையின் மோவாயில் பட்டது. பிள்ளை திருக்கோயிலை நோக்கி ஓடி மறைந்தான்.

பிறகு ஸந்நிதியில் அர்ச்சகர்கள் கண்டது, திருவேங்கடமுடையானுடைய மோவாயிலிருந்து ரத்தம் பெருகுவதை. செய்தியறிந்து ஓடிவந்த அனந்தாழ்வான் தாம் யாரை அடித்தோம் என்று உணர்ந்து கதறினார். காயத்தில் பச்சைக் கற்பூரம் வைத்து அழுத்தினார். இன்றும் திருவேங்கடமுடையானுடைய மோவாயில் பச்சைக் கற்பூரம் சாத்தப்படுவதும், அந்தக் கடப்பாரை மஹாத்வாரத்துச் சுவரில் தொங்கவிடப்பட்டிருப்பதும் இந்த வரலாற்றையொட்டியே. உள்ளே நுழையும் அவஸரத்தில் அதை நிமிர்ந்து பாராமல் போகிறவர்களே பலர். அடுத்த முறை ஸேவிக்கச் செல்லும் அன்பர்கள் அங்கே ஒரு கணம் நிற்கவேண்டும் என்று விண்ணப்பிக்கிறோம்.

இங்கு ஒரு கேள்வி எழலாம். உதவிக்கு வந்த குழந்தையை இவ்வளவு கடுமையாக விலக்கலாமோ? வங்கியில் பெட்டக அறையின் சாவியை ஒருவரிடம் ஒப்படைத்தால், எத்தனை நெருங்கியவராயினும் இன்னொருவர் கையில் அதைத் தரக்கூடாது. ஒப்படைத்தவருக்குச் செய்யும் மரியாதை அது. எம்பெருமானார் தம்மிடம் ஒப்படைத்ததைத் தாமே செய்யவேண்டும் என்னும் அனந்தாழ்வானுடைய உறுதி அத்தகையது, குறையாகக் கொள்ளத்தக்கதன்று. ஆனால் அந்த நிகழ்ச்சியில் அம்மையாருடைய பங்கையும் நாம் மறக்கலாகாது. கூடை கனத்தது, வயிற்றில் குழந்தை, நீட்டிய சிறு கையை அவர் தள்ளவில்லை. ஆசார்யனுக்காக மறுத்தது ஒரு நெஞ்சம். வந்த உபகாரத்தை ஏற்றது ஒரு நெஞ்சம். மறுத்தவருக்குத் தன் ரத்தத்தைக் காட்டினான் எம்பெருமான். ஏற்றவருடைய கூடையைத் தன் தலையில் தாங்கினான். இருவரையும் அவன் கைவிடவில்லை. நம் பூர்வர்கள் உபகார ஸ்ம்ருதி என்று சொல்லும் செய்ந்நன்றி உணர்வுக்கு இதனினும் மேலான இடம் எது? அடியவனுடைய உழைப்பில் பங்கு கேட்டு ஆண்டவன் வந்து நிற்கிறான் என்று அறிந்தபின், மழையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் முறையிட நமக்கு வாய் ஏது?

ஏரி நிரம்பிற்று. நந்தவனம் செழித்தது. பருவந்தோறும் வெவ்வேறு பூக்கள் திருமாலையாயின. ஒருநாள் பூக்கொய்யும்போது அனந்தாழ்வானைப் பாம்பு தீண்டியது. அவர் மருந்து தேடவில்லை. கோனேரியில் நீராடிவிட்டு வழக்கம்போல் மாலையோடு ஸந்நிதிக்கு வந்தார். விஷத்தை ஏன் தீர்த்துக் கொள்ளவில்லை என்று எம்பெருமான் வினவ, தீண்டிய பாம்புக்கு வலிமை மிகுந்தால் விரஜையில் நீராடிப் பரமபதத்தில் அடிமை செய்வதாகவும், தீண்டப்பட்ட பாம்புக்கு வலிமை மிகுந்தால் கோனேரியில் நீராடி இங்கேயே அடிமை செய்வதாகவும் அவர் விண்ணப்பித்தார் என்பர். ஆதிசேஷனை நினைவூட்டும் தம் திருநாமத்தை வைத்து அவர் தம்மையும் ஒரு பாம்பாகச் சொன்ன நயம் இதில் உண்டு. எந்தப் பக்கம் போனாலும் கைங்கர்யம் நிற்காது என்று அறிந்தவருக்கு அச்சத்திற்கு இடம் எங்கே?

மற்றொருநாள் பூத்தொடுத்துக் கொண்டிருந்தபோது ஸந்நிதியிலிருந்து அழைப்பு வந்தது. மொட்டுகள் மலர்ந்துவிடுமுன் தொடுத்து முடிக்கவேண்டும் என்று, மாலையை முடித்த பிறகே சென்றார். தாமதத்திற்குக் காரணம் கேட்ட எம்பெருமானிடம், ஆசார்யர் இட்ட பணி இதுவே என்று தெரிவித்தார். பூவுக்கு ஒரு நேரம் உண்டு; அது கடந்தால் மறுபடி வாராது. வெளியில் நின்று செடியோடு பழகியவர்க்கே இந்த நேரவுணர்வு கைகூடும்.

நந்தவனத்திற்கு எம்பெருமானும் தாயாரும் உலாவ வந்த வரலாறும் உண்டு. இரவில் யாரோ தோட்டத்தில் புகுந்து பூக்களைக் கொய்து சிந்துவதைக் கண்ட அனந்தாழ்வான் ஒளிந்திருந்து பிடிக்க முயன்றார். நாயகர் தப்பி, திருக்கோயிலை அப்ரதக்ஷிணமாகச் சுற்றி ஓடி மறைந்தார். நாயகியார் அகப்பட்டு, செண்பக மரத்தில் கட்டுண்டார். விடிந்தபின் உண்மை வெளிப்பட, அனந்தாழ்வான் பிராட்டியைப் பூக்குடலையில் எழுந்தருளப் பண்ணி, மகளைத் தரும் தந்தையைப்போல் ஸந்நிதியில் ஸமர்ப்பித்தார். திருமலையில் ப்ரஹ்மோத்ஸவம் நிறைவுற்ற மறுநாள் எம்பெருமான் அப்ரதக்ஷிணமாக எழுந்தருளி இந்நந்தவனத்திற்கு வருகிற பாக்ஸவாரி உத்ஸவம் இதனை நினைவூட்டுவது.

அனந்தாழ்வானுடைய நன்றியுணர்வு செடியோடு நிற்கவில்லை. மலையிலிருந்து இறங்கிப் பயணம் செய்கையில் ஒருமுறை ப்ரஸாத மூட்டையை அவிழ்த்தார். அதில் எறும்புகள் ஊர்ந்தன. திருவேங்கட மலையில் ஏதேனும் ஒரு பொருளாய்ப் பிறக்கவேண்டும் என்று வேண்டிய குலசேகராழ்வார் போன்ற பெரியோர் இவ்வுருவில் இருக்கக்கூடும் என்று அஞ்சி, மூட்டையைத் திரும்பத் திருமலைக்கே கொண்டுபோய் விடச் செய்தார். தம்மோடு அந்த மலையில் வாழும் ஓர் எறும்புக்கும் தாம் கடன்பட்டவர் என்று எண்ணிய திருவுள்ளம் அது.

எம்பெருமானார் பின்னர் திருமலைக்கு எழுந்தருளினார். ஆதிசேஷனே மலையாய் நிற்கிறான் என்று காலால் மிதிக்கத் திருவுள்ளம் கூசி, முழந்தாளிட்டே ஏறினார் என்பது பெரியோர் வார்த்தை. மேலே தம் திருநாமம் சாற்றிய நந்தவனத்தையும், அதன் ஏரியையும், கொடிகளையும் கண்டு, இவரை வளர்த்ததன் பயனைப் பெற்றோம் என்று உகந்தார். திருவாய்மொழிக்கு இன்று நாம் அநுஸந்திக்கும் தனியன்களில் ஒன்று அனந்தாழ்வான் அருளிச்செய்தது. அதிலும் எம்பெருமானார் திருவடிகளை வணங்கியே, ஆழ்வாருடைய தமிழைத் தரிக்கும் நெஞ்சை வேண்டுகிறார். மண்ணை வெட்டிய கை எழுதிய தனியன் அது என்று நினைத்துச் சொன்னால் அதன் சுவை வேறு.

திருவாடிப்பூரம் இந்நந்தவனத்துக்குரிய நாள். ஆண்டாள் அவதரித்த அந்நாளில் மலையப்ப ஸ்வாமி உபயநாச்சிமார்களோடு புரிசைவாரி தோட்டம் என்று வழங்கும் இந்த இடத்திற்கு எழுந்தருளுகிறார். அங்கே அனந்தாழ்வானுடைய திருவரசாக நிற்பது ஒரு மகிழமரம். எம்பெருமானுடைய சடாரி அந்த மரத்திற்கு ஸாதிக்கப்படுகிறது. மகிழம்பூ சிறியது, உதிர்ந்த பின்னும், உலர்ந்த பின்னும் மணம் மாறாதது. மகிழமாலை சூடியவர் ஆகையால் வகுளாபரணர் என்று திருநாமம் பெற்றவர் நம்மாழ்வார். ஆழ்வாருடைய ஒரு பதிகத்தைக் கேட்டு மலையேறியவர், முடிவில் ஆழ்வாருடைய மரமாகவே அம்மலையில் நிலைபெற்றார். ஆண்டுதோறும் மழை அதன்மேல் பெய்கிறது, பனி இறங்குகிறது, காற்று அலைக்கிறது, பருவம் வந்ததும் அது பூக்கிறது.

இந்த வைபவத்தைப் படித்தபின் அடியோம் கொல்லைக்குச் சென்று சாய்ந்த நந்தியாவட்டைகளை நிமிர்த்திக் கட்டினோம். பிழைக்காதவற்றின் குழியில் மகிழங்கன்று ஒன்றை வைத்தோம். அது பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். அறுபதைக் கடந்த எங்களுக்கு அதன் பூவைத் தொடுக்கும் பேறு கிட்டுமோ, பின்வருவோருக்குத்தான் கிட்டுமோ, அது எம்பெருமான் திருவுள்ளம். இப்போது விடியற்காலையில் கணக்குப் பார்ப்பதில்லை. வெளியே போய் நிற்கிறோம். அன்றைக்கு எது பூத்திருக்கிறதோ, அதைக் கொய்கிறோம். ஒன்றும் பூவாத நாளில் துளசி இருக்கிறது. வெவ்வேறு தேசங்களில், வெவ்வேறு பருவங்களில் வாழும் வாசகர்களும், பனி பெய்யும் ஊராயினும் வெயில் காயும் ஊராயினும், நாளுக்கு ஒரு நாழிகையாவது வெளியில் நின்று, அன்றைய பருவம் எம்பெருமானுக்காக எதைக் கொண்டுவந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுகிறோம். வெறுங்கையோடு திரும்பும்படி அவன் விடமாட்டான்.

அனந்தாழ்வான் திருவடிகளே சரணம்.
எம்பெருமானார் திருவடிகளே சரணம்.